பிரிக்காத பொட்டலம்

1

அப்பாவின் முதல் வருஷத் திதி போன வாரம் வந்து போயிற்று. சித்தப்பா மகன் ஊரில் முறையாகச் செய்துவிட்டான். நானும் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். நடக்கவில்லை. என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இங்கே, மலாய் நாட்டில், குடியுரிமை வாங்கிவிட்டவர்களுக்கு நீல அட்டை. எங்களைப் போல ஒரு கால் இங்கும் ஒரு கால் அங்குமாக நிற்பவர்களுக்குச் சிவப்பு. சிவப்பு அட்டைக்காரி இந்த நாட்டை விட்டு வெளியே போனால், திரும்பி உள்ளே வருவதற்கு முதலிலேயே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

அனுமதி கொடுக்கிற அதிகாரி, அப்பா இறந்த நாள் எது என்று கேட்டார். தை மாதத் தேய்பிறைப் பஞ்சமி என்றேன். அந்தக் கட்டத்தில் தேதிதான் எழுத வேண்டும், நிலாவை எழுத முடியாது என்றார். பிறகு என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பெயர் யாருடையது என்றார். கணவர் பெயர் என்றேன். பள்ளிக்கூடச் சான்றிதழில் அதே இடத்தில் வேறொரு ஆண் பெயர் இருக்கிறதே என்றார். அதுதான் ஐயா இறந்துபோன அப்பா என்றேன். எனக்கு இரண்டு புருஷன் இருப்பதுபோல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடைசியில் அனுமதி, திதிக்கு மறுநாள் தபாலில் வந்து சேர்ந்தது. அந்த ஆள் வேண்டுமென்றேதான் மேசையில் போட்டு வைத்திருந்தார் என்பது என் எண்ணம். என் வீட்டுக்காரர் அப்படியெல்லாம் இருக்காது என்கிறார். அவருக்கு உலகத்தில் யார் மேலும் சந்தேகம் வராது. அவர் பங்கையும் சேர்த்து நானே படுகிறேன்.

ஆகவே இங்கே கிள்ளானில், துறைமுகத்து ஊழியர் குடியிருப்பில், வடை பாயசம் செய்து அப்பா படத்துக்கு முன்னால் படைத்தேன். கிள்ளானில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் காக்கைக்குப் பஞ்சமில்லை. இலை வைத்ததும் வந்துவிட்டன. என் மகள் மாலாவுக்குப் பன்னிரண்டு வயது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு அவள் அன்றைய விசேஷத்தை விளக்கிக்கொண்டிருந்தாள். செத்துப்போனவர்களுக்கு வருஷா வருஷம் வரும் பிறந்தநாளாம், கேக்குக்குப் பதிலாக வடையாம். பாதி ஆங்கிலம், பாதி மலாய். அவள் பேச்சில் தமிழ் என்று இருந்தது அந்த வடை ஒன்றுதான்.

வந்திருந்தவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு நான் கூடத்துக்கு வந்தால், இரண்டு பெண்களும் சீட்டுக்கட்டை மூன்று குவியலாக வெட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு குவியலிலும் மேல் சீட்டைப் புரட்ட வேண்டும். மூன்றில் ஒன்றாவது ராஜாவோ ராணியோ ஜாக்கியோ வந்தால் மாலாவுக்கு ஜெயம். மூன்றும் வெறும் எண் சீட்டாக வந்தால் மற்றவளுக்கு. அந்தப் பெண்ணின் மிட்டாயில் பாதிக்கு மேல் மாலா மடிக்கு வந்துவிட்டிருந்தது.

யாரடி இதைக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டேன். எல்லாருக்கும் தெரியும்மா, பழைய பந்தயம் என்றாள். தாத்தா திதி அன்றைக்கு, தாத்தா படத்துக்கு நேர் எதிரே. வேறு எந்தப் பந்தயமாக இருந்தாலும் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். இதற்குக் கை எழவில்லை. இந்தப் பந்தயத்தால் எங்கள் வீட்டில் ஒரு கல்யாணப் பேச்சு வந்தது. அதில் நடந்த ஒரு விஷயத்தை அப்பா இருக்கிற வரைக்கும் சொல்லக் கூடாது என்று எனக்குக் கட்டளை. இப்போது சொல்லலாம்.

2

நான் திருவண்ணாமலையில் பே கோபுரத் தெருவில் பிறந்தவள். என் சந்தேகம் அப்பா கொடுத்த சொத்து. அவர் வேலூர் ரூட்டில் ஓடும் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். வேங்கிக்கால் ஏரிக்கரையில் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நிற்பார். பஸ் கிட்டே வந்ததும் திடீரென்று குறுக்கே கையை நீட்டி ஏறுவார். டிக்கெட்டைக் கேட்பதற்கு முன்னால் ஆளின் முகத்தைப் பார்ப்பார். எடுக்காதவன் யார் என்று முகத்திலேயே தெரிந்துவிடும் என்பார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மாறாது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் சொம்புக்குள் விரலை விட்டுப் பார்க்காமல் அம்மாவிடம் கொடுக்கமாட்டார். நாங்கள் இரண்டு பெண்கள், நானும் வசந்தாவும். ஜுரம் என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார், பிறகு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாயா என்றும் கேட்பார்.

கல்யாணமாகி, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி இந்த ஊருக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. முதல் வருஷம் யாரோடும் பேச்சில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைச் சீட்டாட்டம் தொடங்கியது. பக்கத்து வீட்டு லிம் என்கிற சீனர்தான் எங்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தவர். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் லிம், என் வீட்டுக்காரர், அவரோடு வேலை பார்க்கும் தாமோதரன் மூவரும் எங்கள் கூடத்தில் உட்கார்வார்கள். நாலாவது கைக்கு ஆளில்லாமல் என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்தைந்து சீட்டு, பந்தயத்துக்குத் தீக்குச்சி. ஊரில் ரம்மி ஆடிப் பழகியவளுக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டுவிட்டது.

ஒரே ஒரு விதிதான் எனக்கு ஒத்துவரவில்லை. கையில் சீட்டு சரியில்லை என்றால் கவிழ்த்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம். கவிழ்த்த சீட்டை யாரும் புரட்டிப் பார்க்கக் கூடாது. அது எப்படி? அந்த ஆள் என்ன வைத்திருந்தான், என்னத்தை மறைத்தான் என்று தெரியாமல் நான் எப்படி ராத்திரி தூங்குவது? இரண்டு மூன்று தடவை புரட்டிப் பார்த்துவிட்டேன். லிம் ரொம்ப மரியாதைக்காரர். மிஸஸ், இன்னொரு தடவை பார்த்தால் நான் என் வீட்டுக்குப் போய்விடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

தாமோதரனுக்குச் சொந்த ஊர் ஆரணி. நம் பக்கத்து ஆள் என்று முதலில் எனக்குச் சந்தோஷம். ஆட்டத்தைப் பார்க்கப் பார்க்க அது குறைந்தது. தன் கையில் வந்த சீட்டை நம்பி அவர் ஆடியதே கிடையாது. பெரும்பாலும் கவிழ்த்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். ஆனால் ஆட்டத்துக்கு வெளியே பக்கப் பந்தயம் கட்டுவார். அடுத்து வருவது கறுப்பா சிவப்பா, லிம் இந்தக் கையைக் கவிழ்ப்பாரா மாட்டாரா. அப்புறம் அந்த மூன்று குவியல். அதற்குத் தீக்குச்சி போதாது. தோற்றவர் எச்சில் தம்ளர் கழுவ வேண்டும், அல்லது அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு மாதம் அவருடைய சட்டைகளை இஸ்திரி போட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். கட்டில் ஐம்பத்திரண்டு சீட்டு. படச் சீட்டு பன்னிரண்டுதான், எண் சீட்டு நாற்பது. நாற்பது பக்கம் நிற்கும் நாங்கள் தோற்கிறோம், பன்னிரண்டு பக்கம் நிற்கும் அவர் ஜெயிக்கிறார். இதில் சூது இல்லை என்றால் என் காதை அறுத்துக்கொள்கிறேன் என்றேன். சீட்டின் முதுகில் அடையாளம் போட்டிருக்கிறாரா என்று வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. புதுக் கட்டு வாங்கி, உறையைப் பிரிக்காமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். சட்டைக் கையை மடித்துவிடச் சொன்னேன். நானே கலைத்து நானே வெட்டினேன். அன்றைக்கும் தம்ளர் கழுவியது நான்தான்.

அப்புறம் என் வீட்டுக்காரர்தான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஒரு குவியலை மட்டும் புரட்டினால் எண் சீட்டுதான் பெரும்பாலும் வரும். அது சரி. ஆனால் நாங்கள் ஜெயிக்க மூன்றிலும் எண் சீட்டே வர வேண்டும். அவர் ஜெயிக்க எதிலாவது ஒன்றில் ஒரு படம் எட்டிப் பார்த்தால் போதும். நூறு தடவை ஆடினால் அவருக்கு ஐம்பத்தைந்து, எங்களுக்கு நாற்பத்தைந்து என்று விடை வந்தது. ஒரு நாளில் தெரியாது, ஒரு மாதத்தில் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஏன் இத்தனை நாள் எங்களை ஏமாற்றினீர்கள் என்று தாமோதரனை நேராகவே கேட்டேன்.

"ஏமாத்தல அண்ணி. நான் கணக்குப் போட்டேன், நீங்க போடல. அவ்ளோதான்" என்றார்.

அந்தச் சிரிப்பை என்னால் மன்னிக்க முடியவில்லை. திருடியிருந்தால்கூட ஒரு நாள் பிடித்துவிடலாம். தெரிந்ததைச் சொல்லாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து நம் வீட்டுக் காப்பியைக் குடிக்கிறவனை எப்படிப் பிடிப்பது? ஊருக்கு எழுதிய கடிதங்களில் இரண்டு பக்கம் அவரைத் திட்டுவதற்கே ஒதுக்கினேன். அப்போது அம்மா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. வசந்தாதான் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு, என் கடிதங்களையும் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

3

அந்த வருஷம் தாமோதரன் லீவில் ஊருக்குப் போனார். அண்ணி, அப்பாவுக்கு ஏதாவது கொடுக்கணும்னா கொடுங்க என்று தானாகவே வந்து கேட்டார். கேட்காமல் உதவி செய்கிறவனை நான் நம்புவதில்லை. ஆனாலும் தபால் செலவு மிச்சம் என்று பாலில் கலக்கிக் குடிக்கிற மைலோ ஒரு டின், வசந்தாவுக்கு இரண்டு சட்டைத் துணி எல்லாம் கட்டிக் கொடுத்தேன். பார்சலுக்கு வெளியே நூல் போட்டுத் தைத்து, முடிச்சில் அரக்கும் வைத்துத்தான் கொடுத்தேன். அதைப் பார்த்தும் அவர் சிரித்தார்.

திரும்பி வந்தார். பார்சலை முடிச்சு அவிழாமல் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். பழையபடி ஞாயிற்றுக்கிழமை வந்தார், கவிழ்த்துப் போட்டார், காப்பி குடித்தார். ஒரு வார்த்தை வேறு பேசவில்லை. சில மாதம் கழித்து அப்பாவிடமிருந்து கடிதம். ஆரணியிலிருந்து தாமோதரனின் தாய் தகப்பன் வந்து வசந்தாவைக் கேட்டிருக்கிறார்கள், உன் அபிப்பிராயம் என்ன என்று எழுதியிருந்தார்.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தவரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். பெரியவங்க பேசறாங்க அண்ணி, நான் என்ன சொல்றது என்றார். நான் பயந்தது இதற்குத்தான். சீட்டில் சொல்லாமல் மறைக்கிறவர் குடும்பத்தில் என்னவெல்லாம் மறைப்பார்? வசந்தா வாயில்லாப் பூச்சி. கடல் தாண்டி இந்த ஆளோடு வந்து, ஒவ்வொரு நாளும் நாற்பத்தைந்து பக்கமே நின்று தோற்றுக்கொண்டிருந்தால் யாரிடம் போய்ச் சொல்வாள்? அதோடு அவளும் கிளம்பிவிட்டால் அப்பாவுக்கு ஒரு வாய் வெந்நீர் வைத்துக் கொடுக்க ஆளில்லை. இதைத் தடுத்தே தீருவது என்று, அம்மா திவசத்தைச் சாக்கு வைத்து, அப்போது நாலு வயதாயிருந்த மாலாவையும் தூக்கிக்கொண்டு கப்பல் ஏறினேன்.

பே கோபுரத் தெருவில் இறங்கிய அன்றைக்கு எதிர் வீட்டு அம்மாளைப் பார்த்துப் பசியாறிட்டீங்களா என்று கேட்டுவிட்டேன். இங்கே எல்லாரும் காலைச் சாப்பாட்டை அப்படித்தான் கேட்போம். அந்த அம்மாள், எங்க வூட்ல பசிக்கு ஒண்ணும் கொறையில்லம்மா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தெரு முழுக்க அதைச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

அப்பா தளர்ந்திருந்தார், கண் மட்டும் அப்படியே இருந்தது. தாமோதரனைப் பற்றிக் கேட்டேன். பார்சல் கொண்டுவந்த அன்றைக்கு அப்பாவிடமும் சீட்டைப் பிரித்து வைத்து மூன்று குவியல் பந்தயம் கட்டக் கூப்பிட்டாராம். அப்பா மாட்டேன் என்றாராம். தானா வந்து பந்தயம் கூப்பிடறவன், ஜெயிக்கற வழியோடதான் வருவான் என்றார் அப்பா. நாங்கள் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததை அவர் சீட்டைப் பார்க்காமலே சொல்லிவிட்டார். அப்புறம் எப்படி இந்தச் சம்பந்தத்தை யோசிக்கிறீர்கள் என்றேன். பையன் மேல் வேறு குறை தெரியவில்லை, குடி இல்லை, கடன் இல்லை, சீர் செனத்தி ஒன்றும் கேட்கவில்லை என்றார். ஒன்றும் கேட்காததுதான் எனக்கு ரொம்பவும் சந்தேகமாக இருந்தது.

வசந்தாவைக் கேட்டால், அப்பா சொல்றபடி அக்கா என்று முறத்தைப் பார்த்துக்கொண்டு அரிசி புடைத்தாள். இரண்டு நாள் நான் கத்தினேன். மூன்றாம் நாள் அப்பா, எனக்கும் ஒரு பக்கம் சாயல, பூப் போட்டுப் பாத்துடலாம் என்றார்.

4

பூப் போட்டுப் பார்ப்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், ஒரே அளவாகக் கட்டிச் சாமி முன்னால் வைப்பார்கள். சம்பந்தமில்லாத யாரையாவது கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் விட்டுவிட வேண்டும். எடுக்காத பொட்டலத்தை அப்படியே மரத்தடியில் போட்டுவிட வேண்டும். அதைப் பிரித்துப் பார்த்தால் சாமியையே சந்தேகப்பட்டது போல.

முதல் நாள் சாயங்காலம் அப்பா என் கண் முன்னால்தான் கட்டினார். ஒரு வாழையிலைத் துண்டில் நந்தியாவட்டை, இன்னொன்றில் செவ்வரளி. நாரைக்கூட ஒரே நீளமாகக் கிழித்தார். கட்டி முடித்ததும், எது எது என்று தனக்கே தெரியாதபடி முதுகுக்குப் பின்னால் மாற்றி மாற்றிப் பிடித்துவிட்டுச் சாமி மாடத்தில் வைத்தார். அப்பா மேல் எனக்கிருந்த சந்தேகம் அதோடு தீர்ந்தது. மற்றவர்கள் மேல் தீரவில்லை. ஆகவே மாடத்துக்கு நேரே பாய் போட்டுப் படுத்தேன். கப்பல் அலுப்பில் அடித்துப் போட்டதுபோல் தூங்கிவிட்டேன்.

பெரிய கோயில் வேண்டாம், அங்கே எல்லாரும் தெரிந்தவர்கள், அடி அண்ணாமலைக்குப் போகலாம் என்றார் அப்பா. குதிரை வண்டியில் செங்கம் ரோடு வழியாக மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். மாலா குதிரை வாலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பா தட்டை மடியில் வைத்து, பொட்டலங்கள் உருளாமல் கையால் மூடிக்கொண்டிருந்தார்.

கோயிலில் கூட்டமில்லை. குருக்கள் இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஆரத்தி காட்டினார். விளக்கேற்ற வந்திருந்த ஒரு பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார். அவள் வலது பக்கத்தில் இருந்ததை எடுத்துக் கொடுத்தாள். குருக்கள் நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை.

அப்பா கன்னத்தில் போட்டுக்கொண்டார். வசந்தா குனிந்த தலை நிமிரவில்லை. மூன்று குவியலில் எங்கள் தலையெழுத்தைப் பார்த்த எனக்கு, இரண்டு பொட்டலத்தில் ஒன்று சரியாக அந்த ஆள் பக்கம் விழுந்தது பொறுக்கவில்லை. ஆரணி ஆட்கள் முந்தின நாளே வந்து குருக்களைப் பார்த்திருப்பார்களோ? பொட்டலத்தைக் கீழே வைக்கும்போது அவர் குனிந்தது கொஞ்சம் ஜாஸ்தியோ? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நீங்கள் சொல்லலாம். சொல்லிக்கொள்ளுங்கள்.

குருக்கள் மிச்சப் பொட்டலத்தை வில்வ மரத்தடியில் போட்டுவிட்டு உள்ளே போனார். அப்பா வண்டிக்காரரைக் கூப்பிடப் போனார். நான் நேராக மரத்தடிக்குப் போய் அதை எடுத்தேன். சாமி கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும், என் தங்கை வாழ்க்கை. அவிழ்த்தேன்.

அதிலும் நந்தியாவட்டைதான்.

செவ்வரளி வைத்துக் கட்டியதைக் கண்ணால் பார்த்தவள் நான். குருக்களைப் பிடித்து உலுக்கிக் கேட்டுவிடுவது என்று இலையோடு திரும்பினேன். வசந்தா வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, குருக்கள ஒண்ணும் கேக்காதே. நான்தான் மாத்தினேன்."

அவளே சொன்னாள். விடிவதற்கு முன்னால் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், சிவப்பை எடுத்துவிட்டு வெள்ளையை வைத்துக் கட்டினாளாம். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேனாம்.

"சாமி பேரைச் சொல்லிக் கட்டினத மாத்த எப்படிடி மனசு வந்துது?"

"பாதிக்குப் பாதின்னு வுட்டுட எனக்கு மனசு வரல."

"அந்த ஆளு எப்படிப்பட்டவன்னு எவ்ளோ எழுதினேன்?"

"நீ எழுதினதாலதான். பார்சல் கொண்டாந்த அன்னிக்கு அப்பா பின்கட்டுக்குப் போனப்ப, அந்தப் பந்தயத்துல என்ன சூதுன்னு நான் அவரக் கேட்டேன். உடனே கணக்கச் சொல்லிட்டாரு. அக்கா வூட்ல யாருக்கும் சொல்லலியேன்னு கேட்டதுக்கு, அவங்ககிட்ட ஜெயிக்கணும்னு ஆசையா இருந்துது, உங்ககிட்ட இல்லன்னாரு."

அப்பாவிடம் நேராகவே சொல்லியிருக்கலாமே என்றேன். அதைக் கேட்டதும்தான் அவள் கண் கலங்கியது.

"அவர தனியா வுட்டுட்டுப் போறேன்னு நானே எப்படிக்கா வாயால சொல்றது? சாமி சொன்னா ரெண்டு பேருக்கும் கஷ்டம் கம்மி."

வாயில்லாப் பூச்சி என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள் இவள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பொறாமைதான் வந்தது. என் கல்யாணத்தின்போது எனக்கு இந்தத் துணிச்சல் இருந்ததா என்று யோசித்தேன். மாலா வண்டிப் பக்கம் ஓடுவதைப் பார்த்து வசந்தா அவள் பின்னால் போனாள்.

5

நான் இலையைச் சுருட்டுவதற்குள் அப்பா வந்துவிட்டார். என் கையைப் பார்த்தார். பிரித்தது எந்தப் பொட்டலம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"அதுல என்ன பூம்மா?"

சீட்டில்கூட நான் பொய்யாகப் பந்தயம் ஏற்றியதில்லை. முகத்தில் தெரிந்துவிடும் என்று லிம் சொல்வார். விரல்களை மூடிக்கொண்டு, செவப்புதாம்பா என்றேன்.

அப்பா கையைப் பார்க்கவில்லை. முகத்தைத்தான் பார்த்தார்.

"டிக்கெட் எடுக்காதவன் மூஞ்சி எனக்குத் தெரியாதா, சரசு. காலைல குளிச்சுட்டு வந்து மாடத்துல பாத்தேன். நான் கட்டின முடிச்சு இல்ல. ரெண்டையும் பிரிச்சுப் பாத்துட்டேன்."

கல்யாணம் நின்றுபோகும், வசந்தா அவமானப்பட்டுப் போவாள் என்று பயந்தேன். அவளைத் திட்டாதீர்கள் என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அப்பா கையமர்த்தினார்.

"பிரிச்சுப் பாத்துட்டு நான்தான் மறுபடி கட்டி எடுத்தாந்தேன். அது வாயைத் தொறந்து கேட்டிருந்தா வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். வூட்ல இருக்கறது அது ஒண்ணுதானே."

தனக்குத் தெரியும் என்பது வசந்தாவுக்குத் தெரிய வேண்டாம், தான் இருக்கிற வரைக்கும் சொல்லாதே என்றார். கீழே கிடந்த நாரை எடுத்து என்னிடம் கொடுத்து, அந்தப் பிள்ளை திரும்பிப் பார்ப்பதற்குள் கட்டிப் போட்டுவிட்டு வரச் சொன்னார். கட்டினேன். அவர் எனக்கு முன்னால் போய் வண்டியில் ஏறி, ஆவணியில் முகூர்த்தம் பார்க்கலாம் என்று வசந்தாவிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்குப் பிறகு ஏழு வருஷம் அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார். ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்கிறது என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார். அதை மட்டும் நான் நம்பவே இல்லை.

வசந்தா இங்கேதான், எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். இரண்டு பிள்ளைகள். தாமோதரன் மேல் எனக்குச் சந்தேகம் இன்னும் முழுக்கத் தீரவில்லை, ஆனால் அவளிடம் அவர் எதையும் மறைத்ததாக இதுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. போன வாரம் திதிக்கு வந்தவள், எல்லாரும் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அப்பாவை ஏமாற்றிவிட்டு வந்தேன் அக்கா, சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினேன், அந்தப் பாவம்தான் கடைசியில் முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை என்றாள். எனக்குச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் நம்பமாட்டாள். ஆறுதலுக்காக அக்கா கதை கட்டுகிறாள் என்று நினைப்பாள். அவளும் அந்தச் செக்கர் பெற்ற பெண்தான். அச்சில் வந்தால் ஒருவேளை நம்புவாள் என்றுதான் இதை எழுதி அனுப்புகிறேன். ஊரிலிருந்து இந்தப் பத்திரிகை வந்தால் எனக்கு முன்னால் அவள்தான் பிரித்துப் படிப்பாள்.

வசந்தா, நீ அப்பாவை ஏமாற்றவில்லை. அந்த இரண்டு பொட்டலத்திலும் கடைசி முடிச்சு அவர் போட்டது.